இருபத்திரண்டு பேரும் ஒரு நாயும்

அசரியா சாருக்குக் கடல் பிடிக்கும். கடற்கரைக்கு வருகிற ஜனங்களைத்தான் பிடிக்காது. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சேலையூர் வீட்டுக் கூடத்தில் அவர் எடுத்து மாட்டியிருக்கும் பதினேழு படங்களைப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும். பதினேழிலும் கடல் உண்டு. உடைந்த பாலம் உண்டு, அலையைத் தடுக்கப் போட்ட பாறை வரிசை உண்டு, பாதி மணலில் புதைந்த கம்பிவேலி உண்டு. மனுஷ வாடை மட்டும் கிடையாது. எல்லாம் கறுப்பு வெள்ளை. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கிறது என்பாள் அவர் மனைவி ஹெப்சி. ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காபியை ஆற்றியபடி அண்ணாந்து பார்த்துவிட்டு இது எந்த நாடு என்று கேட்பார்கள். மேடவாக்கம் வழியாகப் போனால் முக்கால் மணி நேரத்தில் வருகிற கிழக்குக் கடற்கரைச் சாலைதான் என்றால் நம்பமாட்டார்கள்.

முப்பத்து நான்கு வருஷம் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார் அவர். ஒரு வகுப்புக்கு ஐம்பத்தைந்து பிள்ளைகள் என்று மேய்த்தவருக்கு, ஆளில்லாத இடம்தான் பரலோகம் என்று ஆகிவிட்டதில் ஆச்சரியமில்லை. ஓய்வு பெற்ற மாதமே கேமரா வாங்கினார். கூடவே, வெல்டிங் வைக்கிறவர்கள் முகத்தில் பிடிப்பது போன்ற கன்னங்கரேல் கண்ணாடி ஒன்றும் வாங்கினார். அதை லென்சுக்கு முன்னால் மாட்டினால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஒரு படம் விழ நான்கு நிமிஷம் ஆகும். அந்த நான்கு நிமிஷமும் அசையாமல் இருப்பது மட்டும் படத்தில் நிற்கும், அசைகிறது கரைந்து போகும். அலையெல்லாம் பாலாகிவிடும். நடுவே நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், பஜ்ஜி தின்கிறவர்கள் ஒருவர்கூடத் தெரியமாட்டார்கள். யாரையும் போ என்று விரட்ட வேண்டியதில்லை, தானாகவே ஒழிந்துவிடுவார்கள். வகுப்பறைக்கு இப்படி ஒரு கண்ணாடி கிடைக்காமல் போயிற்றே என்று அவர் மனசுக்குள் வருத்தப்பட்டிருக்கக்கூடும்.

பதினேழில் பெரியது டிவிக்கு மேலே நாலடி அகலத்தில் தொங்கியது. சின்னமேட்டுக் குப்பத்துக் கரையில் நிற்கும் ஒரு கொட்டகை. எட்டு சிமெண்டுத் தூண், மேலே துருப்பிடித்த தகரம். பின்னால் பால்போலக் கடல். தூண்களுக்கிடையே மெல்லிய மூட்டம். இடதுபக்கம் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. வலதுபக்கம் இரண்டாவது தூணடியில் சின்னதாக இரண்டு கற்கள். ‘யாருமற்ற கரை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். கேமரா மன்றத்தின் வருஷப் போட்டியில் அதுதான் முதல் பரிசு. நாய் தனிமையின் குறியீடு என்றும், அதற்கு எதிரே அந்த இரு கற்களும் படத்தைச் சமன் செய்கின்றன என்றும், கடலின் மூடுபனி மனசைப் பிசைகிறது என்றும் நடுவர் பேசினார். அசரியா சார் பக்கத்திலேயே தலையைக் குனிந்து நின்றார். அது அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மன்றச் செயலாளர் வைத்தீஸ்வரன் அந்தப் படத்தை மார்ச் மாதத்துக்குப் போட்டுக் காலண்டர் அச்சடித்தார். சும்மா இருக்காமல் தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முத்தாலம்மாள் பதினொரு வருஷமாக அந்தத் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். மகன் இளமாறன் லோடு ஆட்டோவில் முனையில் இறக்கிவிட்டுப் போவான். அலுமினியக் கூடையைக் கேட்டுக்கு முன்னால் வைத்து இரண்டு காலையும் ஊன்றி நின்றாளென்றால், மீன் போணியாகாமல் அந்தக் கால் பெயராது. கை பேசும், தலை பேசும், இடுப்புக்கு மேலே எல்லாம் ஆடும். கால் மட்டும் நட்ட கல். குப்பத்துக் கொட்டகையில் ஏலம் கேட்கிறபோது பழகிய பழக்கம் அது. அங்கே இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்தால் அடுத்தவள் புகுந்துவிடுவாள், அப்புறம் அன்றைக்கு நல்ல மீன் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹெப்சி அரைக் கிலோ நெத்திலிக்கும் நான்கு சங்கராவுக்கும் வாயெடுக்குமுன், முத்தாலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லையே என்று ஹெப்சி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கொட்டகையை இடிக்கப் போகிறார்களாம். கரையை அழகுபடுத்துகிற திட்டமாம். யாரும் புழங்காத பாழடைந்த கட்டடம் என்று தாளில் எழுதியிருக்கிறதாம். அங்கே நடைபாதையும், ஜனங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு வளைவும் வருமாம். இளமாறன் அந்த ஆபீசுக்குப் போய், தான் செல்போனில் எடுத்திருந்த ஏலப் படங்களைக் காட்டியிருக்கிறான். ஆளைக் கூட்டிவந்து எப்போது வேண்டுமானாலும் இப்படி எடுக்கலாம், எங்களிடம் இருப்பது பரிசு வாங்கிய படம் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் பார்க்க வருகிறாராம்.

"காலீல அஞ்சு மணிலேர்ந்து எட்டு வரிக்கும் அங்க கால் வைக்க எடம் கெடையாதும்மா. பதினோரு மணிக்கு வந்தா இன்னா கீது? கயிவிவுட்ட தரைதான் கீது" என்றாள் முத்தாலம்மாள். தண்ணீரைக் குடிக்க அண்ணாந்தாள். அண்ணாந்தவள் சொம்பை இறக்கவில்லை.

அசரியா சார் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"இது நம்ம கொட்டாயாச்சே. தோ, நம்ம டைகரு படுத்துகினு கீது." அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். "சார், நீ அன்னிக்கி மூணு காலு ஸ்டாண்டத் தூக்கிகினு வந்தியே, அன்னிக்கி எடுத்ததா இது? நான்கூட, இன்னா சார் இந்தப் பக்கம்னு கூப்ட்டேன். நீ கைய இப்டிக் காட்டின." டிராபிக் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். "நாங்க அங்கதான இருந்தோம், இருவத்திரண்டு பேரு. எங்கள எங்க சார் போட்ட?"

ஹெப்சி கணவனைப் பார்த்தாள். அவள் திருச்சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். ராகம் பிசகுகிற ஆளைப் பார்ப்பதற்கென்று ஒரு பார்வை வைத்திருக்கிறாள்.

அசரியா சார் வாத்தியாரானார். வெளிச்சம், கறுப்புக் கண்ணாடி, நான்கு நிமிஷம் என்று படிப்படியாக விளக்கினார். அந்த மூட்டம் இருக்கிறதே, அது மூடுபனியல்ல, அது இவர்கள்தான் என்றார். முத்தாலம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ ஓடியாடி வேல செஞ்சா வுய மாட்டோம். தூங்கிகினு இருந்தா வுயுவோம். அப்டித்தான?"

"அப்படித்தான்" என்றார் அவர், ஒரு மாணவி சரியான விடை சொன்ன சந்தோஷத்தில். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் வற்றிவிட்டது.

"நல்லா கீது சார் ஒன் மிசினு. எங்க வூட்டுக்காரன் வுயுவான்" என்று சொல்லிவிட்டு முத்தாலம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பதினொரு வருஷத்தில் போணியாகாமல் அவள் கால் பெயர்ந்தது அன்றுதான். மதியம் அந்த வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு.

கத்தரிக்காயைப் பரிமாறியபடியே ஹெப்சி தீர்ப்புச் சொன்னாள். "ஒரே ஒரு வரி. அந்தப் படத்துல ஆள் இருந்தாங்க, என் கேமராதான் முழுங்கிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. முடிஞ்சுது."

முடிந்துவிடுமா? சனிக்கிழமை தாம்பரம் கிழக்கில் சபை மண்டபத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. வாசலில் வைக்கிற பேனரில் இந்தப் படம்தான். ‘யாருமற்ற கரை’ என்று அட்டையிலும் அச்சாகிவிட்டது. அங்கே ஆள் இருந்தார்கள் என்று இவரே எழுதிக் கொடுத்தால் நடுவர் என்ன நினைப்பார், சபையில் என்ன பேசுவார்கள்? தன் கணக்கில் பிழையிருக்கிறது என்று முப்பத்து நான்கு வருஷத்தில் கரும்பலகைக்கு முன்னால் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத மனிதர். பிழை கண்டுபிடித்த பையனைப் பாராட்டிவிட்டு, கவனிக்கிறீர்களா என்று சோதித்தேன் என்பார்.

ராத்திரி ஜெபத்துக்குள் ஒரு யோசனை பிறந்துவிட்டது. அதே இடம், அதே கேமரா, அதே நான்கு நிமிஷம். இருபத்திரண்டு பேரும் அசையாமல் நின்றால் இருபத்திரண்டு பேரும் விழுவார்கள். அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டால் போதும், தன் வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு வரி எழுதக் கூச்சப்பட்டவர், மீன்காரப் பெண்கள் இருபத்திரண்டு பேரை நான்கு நிமிஷம் சிலையாக நிறுத்தப் போகிறாராம். ஹெப்சி வியாழக்கிழமை விடியலுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் டப்பாவில் கட்டினாள். வேடிக்கை பார்க்க நானும் வருகிறேன் என்று பழைய ஆல்டோவில் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. உப்புக் காற்று கார்க் கண்ணாடியில் பிசுபிசுத்தது. படகுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து மீனை உதறுகிறவர்கள் ஒருபுறம், ஐஸ் உடைக்கிறவர்கள் ஒருபுறம். கொட்டகைக்குள் கூடைகளும் கூச்சலும் நிறைந்திருந்தன. ஏலம் விடுகிற தனக்கோடி நடுவில் நின்றாள். அவள் குரல் கோவிலம்பாக்கம் வரைக்கும் கேட்கும் என்று குப்பத்தில் சொல்வார்கள். முத்தாலம்மாளின் புருஷன் துலுக்காணம் கடலிலிருந்து வந்த களைப்பில், அல்லது வழக்கப்படி, ஒரு தூணில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். டைகர் தன் இடத்தில் இருந்தது.

முத்தாலம்மாள் அசரியா சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் யோசனையைக் கேட்டதும், கொட்டகைக்காக எல்லோரையும் அதட்டி நிறுத்தினாள். அசரியா சார் கையைத் தட்டினார். யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, நான் போதும் என்று சொல்கிறவரை மூச்சை மட்டும் விடலாம் என்றார். பேசினால்கூடவா விழாது என்று ஒருத்தி கேட்டாள். பேசினால் தலை ஆடும் என்றார். இவளுக்குப் பேசாவிட்டாலும் ஆடும் என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

முதல் தடவை, நாற்பதாவது நொடியில் ஒரு படகு இறாலோடு வந்து நின்றது. இறால் வந்த பிறகு எவள் நிற்பாள்? கேமராவுக்கு முன்னால் முத்தாலம்மாளைத் தவிர ஒருத்தியும் இல்லை. அவளும் இடத்தைவிட்டு நகரவில்லையே தவிர, நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவை, நிஜமாகவே ஒரு நிமிஷம் நின்றார்கள். கரையே வாயடைத்துப் போயிற்று. படகிலிருந்து இறங்கியவர்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். தனக்கோடி வாயை மூடி நின்றது குப்பத்து வரலாற்றில் முதல் முறை. அவள் நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா வந்து அவள் கூடையிலிருந்து ஒரு சங்கராவைக் கவ்வியது. நாற்பத்து நான்கு கைகள் ஒன்றாக உயர்ந்தன.

மூன்றாம் தடவை, அசரியா சாரால் பொறுக்க முடியவில்லை. அரை நிமிஷத்தில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவதைக் கண்டதும், பழைய பழக்கத்தில் தானே கொட்டகைக்குள் ஓடி, பெஞ்சு மேல் ஏற்றுகிற குரலில் திட்டிவிட்டுத் திரும்பினார். நான்காம் தடவைக்குப் பேச்சே இல்லை. மணி எட்டாகிவிட்டது. நல்ல மனசுக்காக மீன் காத்திருக்காது, வெயில் ஏறினால் கண் வெளுத்துவிடும். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள்.

போகிற போக்கில் படத்தைக் காட்டச் சொன்னார்கள். கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி இருபது தலைகள் முட்டின. மூன்று படத்திலும் எட்டுத் தூணும் புகையும். டைகர் தெளிவாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் துலுக்காணம், திறந்த வாயில் பல் எண்ணுகிற அளவுக்குத் துல்லியமாக விழுந்திருந்தார். மூன்றாவது படத்தில் உள்ளே ஓடித் திட்டிய அசரியா சாரின் நிழல்கூட இல்லை.

"நான் சொல்லல?" என்றாள் முத்தாலம்மாள், புருஷனைக் காட்டி.

பதினோரு மணிக்குக் கொட்டகை கழுவிக் காய்ந்து கிடந்தது. துலுக்காணம்கூட எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். முத்தாலம்மாள் அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. இரண்டாவது தூணடியில் ஊன்றி நின்றாள். அதிகாரி சத்தியநாதன் கைக்குட்டையைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். கெட்டவர் அல்ல, வெயிலில் வந்தவர், அவ்வளவுதான். கோப்பைத் திறந்து காலண்டர் தாளை எடுத்து நேரே பிடித்தார். படத்தையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

"நாய்கூட அதே இடத்துல படுத்திருக்கு. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்?" என்றார்.

"மீனு இல்லாத எடத்துல நாயிக்கு இன்னா சார் வேல?" என்றாள் முத்தாலம்மாள். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் கொட்டகையை அளக்க நாடாவை எடுத்தார்.

இனி சொல்லத்தான் வேண்டும். அசரியா சார் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு கேமராப் பையைத் திறந்தார். ஹெப்சி இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் விறுவிறுவென்று ஸ்டாண்டைப் பழைய இடத்தில் நிறுத்தினார். உச்சி வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போதாது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார். அளவு எடுக்கிறவரைத் தொந்தரவு செய்யாமல் பட்டனை அழுத்தினார்.

சத்தியநாதன் கோப்பு, தண்ணீர் பாட்டில் இரண்டையும் சிமெண்டு மேடையில் வைத்துவிட்டு நீளம் அளந்தார், அகலம் அளந்தார், தூணைத் தட்டிப் பார்த்தார், போனில் பேசியபடி குறுக்கே நடந்தார். முத்தாலம்மாள் நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டி ஆட்டி அவரோடு வாதாடினாள். நான்கு நிமிஷம் முடிந்தது. அசரியா சார் கேமராவைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனார்.

"சார், இது இப்ப எடுத்தது. பாருங்க."

சத்தியநாதன் பார்த்தார். எட்டுத் தூண். நாய். மேடை மேல் கோப்பு, பாட்டில். ஆளில்லை.

"நான் எங்க?"

"நீங்க இன்னைக்கு ஆய்வுக்கு வரலை சார்" என்றாள் ஹெப்சி உட்கார்ந்த இடத்திலிருந்து. "ஃபைலை யாரோ கொண்டுவந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க."

அதிகாரிக்கு வியர்வை நின்றுபோயிற்று. படத்தைப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் தன்னைத் தேடினார். ஒருமுறை தானும் இல்லாதவராகிப் பார்த்தால்தான் அந்தக் கவலை தெரியும். இதை அழித்துவிடுங்கள், வெளியே போனால் பேஜாராகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் அசரியா சாருக்கு வாய் வந்தது. "அந்தக் காலண்டர் படமும் நான் எடுத்ததுதான் சார். அதுல இருபத்திரண்டு பேர் இருக்காங்க. எடுக்கும்போதே எனக்குத் தெரியும். இந்த அம்மா என்னைப் பேர் சொல்லாத குறையாக் கூப்பிட்டாங்க. பேசாதேன்னு கையைக் காட்டினேன். தெரிஞ்சேதான் யாருமற்ற கரைன்னு பேர் வெச்சேன்." சொல்லி முடித்ததும் அவர் முகம் பரீட்சையில் பிடிபட்ட பையன் முகம் மாதிரி இருந்தது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். காது மடல்வரை சிவந்துவிட்டது.

அதிகாரியின் கோப்பிலிருந்தே ஒரு தாள் வாங்கி, இடதுபக்கம் மார்ஜின் விட்டு, அதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி போதும் என்று ஹெப்சி சொன்னது ஒன்றரைப் பக்கம் ஆனது. நாளை விடியற்காலை ஐந்தரைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்று சத்தியநாதன் சொன்னார். வரவும் செய்தார். கையில் இரண்டு கிலோ வஞ்சிரத்தோடு போனார். நடைபாதை கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகும் என்று கோப்பில் எழுதப்பட்டது. தனக்கோடி அவருக்கு விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை கண்காட்சியில் அந்தப் படத்துக்குக் கீழே இருந்த அட்டையை அசரியா சார் பேனாவால் அடித்துவிட்டு, ‘இருபத்திரண்டு பேரும் ஒரு நாயும்’ என்று தன் கையால் எழுதி ஒட்டினார். வைத்தீஸ்வரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பேனர் ஒரு பெயர், படம் ஒரு பெயர் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வந்தவர்கள் வேறு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. இதன் முன்னால் கூட்டமாக நின்று, நாய் இருக்கிறது, மற்றவர்கள் எங்கே என்று தேடினார்கள். போதகர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முத்தாலம்மாள் வந்தாள். ஹெப்சி கூப்பிட்டிருந்தாள். வாடாமல்லிப் பட்டுப்புடவை, நெற்றியில் திருநீறு. கொட்டகை நிலைத்தால் வருகிறேன் என்று குன்றத்தூர் முருகனுக்கு வேண்டியிருந்தாளாம், மலையேறிவிட்டு அப்படியே இளமாறன் ஆட்டோவில் வருகிறாளாம். கொட்டகையைக் காப்பாற்றியது முருகன்தான் என்று மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னாள். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டே அவளுக்கு வழி விட்டு நகர்ந்தார்.

பிறகு அவள் படத்தின் முன்னால் போய் நின்று, கூட்டத்துக்கு ஆள் காட்ட ஆரம்பித்தாள். தோ, இங்க தனக்கோடி. அதுக்குப் பின்னால என் மருமவ வெண்ணிலா. இந்தப் புகை மூணு பேரு, அக்கா தங்கச்சிங்கோ, எப்பவும் ஒண்ணாத்தான் சண்ட போடுவாளுங்கோ. அவள் விரல் போன இடமெல்லாம் தலைகள் போயின. ஆமாம், தெரிகிறது என்றார் போதகர். பொய் சொல்கிற மனிதர் அல்ல அவர்.

இருபத்தொரு பேரைக் காட்டிவிட்டு விரல் இரண்டாவது தூணடிக்கு வந்து நின்றது.

"இது இன்னா சார்?"

"அதுவா, ரெண்டு கல்லு. நடுவர்கூட..." என்றார் அசரியா சார். அந்தக் கற்களைக் கறை என்று நினைத்து கம்ப்யூட்டரில் அழிக்க அவர் மூன்று நாள் பார்த்தவர். சரியாக வராமல் விட்டுவிட்டார்.

முத்தாலம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்லு எங்கனா மெட்டி போடுமா சார்?"

அசரியா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் தாழ்வாக மாட்டியிருந்ததால் முதுகை நன்றாக வளைத்து, கிட்டத்தட்ட மண்டிபோட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பாதங்களுக்கு நேராகத் தலையைக் கொண்டுபோனார். விரல் விரலாகத் தெரிந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அவர் நிமிராமல் அப்படியே இருந்தார். முத்தாலம்மாளுக்கு ஒரு அவசரமும் இல்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.